கல்லின் வயதைச் சொல்பவர்களுக்கு எங்கே வேலை?

திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவை மிகப் பழையவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு பழையவை என்று சொல்ல அன்றைக்கு வழியில்லை. அதற்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அந்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, மண்ணுக்குள் புதைந்திருந்த அந்தக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சொன்னது.

எப்படிச் சொல்ல முடிந்தது? ஒரு கல் வெட்டவெளியில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதன் மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. குவார்ட்ஸ் கனிமத்துக்குள் அவை பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களைத் துளித்துளியாக உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டாது, உற்பத்தி நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள அணுக்கள் மட்டும் சிதைந்துகொண்டே வரும். அலுமினியம்-26 ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறையும். பெரிலியம்-10 பாதியாவதற்கு ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் குறைவதால் இரண்டுக்கும் உள்ள விகிதம் காலப்போக்கில் மாறுகிறது. அந்த விகிதத்தை அளந்துவிட்டால் கல் எப்போது மண்ணுக்குள் போனது என்று கணக்கிட்டுவிடலாம்.

கல் நம் ஊர்க்கல்தான். அந்த அணுக்களை எண்ணிய கருவியோ பிரான்சில் இருந்தது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்து, பொ.ஆ.மு. 580 என்ற காலத்தைக் கொடுத்த கரித்துண்டும் அப்படித்தான். அது அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் என்ற தனியார் ஆய்வகத்துக்குப் போய் வந்தது. கேள்வி ஓரிடத்தில் பிறக்கிறது, விடை சொல்லும் கருவி வேறோரிடத்தில் நிற்கிறது. ஐசோடோப்பு புவிவேதியியலாளரின் பிழைப்பு எப்போதும் அந்தக் கருவியின் பக்கத்தில்தான். இந்தத் துறையில் வேலை தேடும் ஒருவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. எந்தக் கேள்வி பிடித்திருக்கிறது என்பதோடு, எந்தக் கருவியோடு வாழப் போகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஐசோடோப்பு என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். ஒரே தனிமத்தின் அணுக்களில் புரோட்டான் எண்ணிக்கை மாறாது, நியூட்ரான் எண்ணிக்கை மாறலாம், அதனால் எடை மாறும். பள்ளிப் பாடம் இத்தோடு நின்றுவிடுகிறது. அந்த எடை வேறுபாடு ஒவ்வொரு பொருளிலும் அதன் பழைய கதையைப் பதித்து வைத்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும். யுரேனியம் ஈயமாக மாறுவதால் கல்லுக்கு வயது கிடைக்கிறது. கனமான ஆக்சிஜன் உள்ள நீர் மெதுவாக ஆவியாவதால் பனியுகங்களின் அளவு சிப்பி ஓட்டில் தங்கிவிடுகிறது. பாறைக்குப் பாறை ஸ்ட்ரான்சியத்தின் விகிதம் மாறுவதால், ஒருவர் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்பது அவருடைய பல் எனாமலில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தத் தொழிலின் இயல்பைக் காட்ட கிளேர் பாட்டர்சனின் கதையைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானிகளோடு பழகியவர் அவர். போருக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் பிரவுனிடம் மாணவராகச் சேர்ந்தார். சிர்க்கான் என்ற சின்னஞ்சிறு படிகத்தில் உள்ள யுரேனியத்தைச் சக மாணவர் ஜார்ஜ் டில்டன் அளக்க வேண்டும், ஈயத்தைப் பாட்டர்சன் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டில்டனுக்கு வந்த எண்கள் சரியாக இருந்தன. பாட்டர்சனுக்கு ஈயம் மிக அதிகமாக வந்துகொண்டே இருந்தது. படிகத்துக்குள் அவ்வளவு ஈயம் இருக்க முடியாது. அப்படியானால் வெளியிலிருந்து வருகிறது. அறையின் தூசியில், குழாய்த் தண்ணீரில், கண்ணாடிப் பாத்திரத்தில், பயன்படுத்திய அமிலத்தில், எல்லாவற்றிலும் ஈயம் இருந்தது.

அவர் அளக்கக் கற்றது அப்போதுதான். கல்லே இல்லாமல், வெறும் அமிலத்தையும் பாத்திரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு சோதனையை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்ப்பார்கள். அதில் எவ்வளவு ஈயம் வருகிறதோ அது நம்முடைய அழுக்கு. ஆய்வகத்தில் இதை ‘பிளாங்க்’ என்பார்கள். பாட்டர்சன் வருடக்கணக்கில் பிளாங்கைக் குறைக்கப் பாடுபட்டார். 1952-ல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்குக்கு வந்து, சுத்தத்துக்கென்றே ஓர் ஆய்வகத்தைக் கட்டினார். அரிசோனாவின் கேன்யன் டயாப்லோ விண்கல்லிலிருந்து அங்கே பிரித்தெடுத்த ஈயத்தை 1953-ல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் கருவியில் அளந்தார். 1956-ல் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், 7 கோடி முன்பின்னாக. அந்த எண் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

அதோடு அவர் ஓய்ந்திருந்தால் பாடநூலில் ஒரு வரியாக நின்றிருப்பார். தன் ஆய்வகத்துக்குள் வந்து தொல்லை கொடுத்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனார். ஆழ்கடல் நீரைவிட மேற்பரப்பு நீரில் ஈயம் அதிகம். பிற்பாடு கிரீன்லாந்தில் அளந்தபோதும் பழைய பனியைவிடப் புதிய பனியில் மிக மிக அதிகம். பெட்ரோலில் கலந்த ஈயம் உலகம் முழுவதும் படிந்துகொண்டிருந்தது. 1965-ல் இதை அவர் வெளிப்படையாக எழுதினார். எண்ணெய்த் துறையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆய்வுப் பணம் நின்றது. காற்றில் உள்ள ஈயத்தைப் பற்றி ஆராய 1971-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழுவில் அவருக்கு இடம் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் எண்கள் அவர் பக்கம் இருந்தன. 1996-ல் அமெரிக்கச் சாலைகளிலிருந்து ஈய பெட்ரோல் முற்றாக விலக்கப்பட்டது. இந்தியாவில் 2000-த்திலும், கடைசியாக அல்ஜீரியாவில் 2021-லும் அது நின்றது. நம் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் குறைந்ததற்கு, கல்லின் வயதைச் சரியாக அளக்க வேண்டும் என்ற ஒரு மனிதரின் பிடிவாதமும் காரணம். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

பாட்டர்சனிடமிருந்து இந்தத் துறை பெற்ற சொத்து அந்தச் சுத்தம்தான். இன்று நல்ல ஆய்வகம் ஒன்றில் ஈய பிளாங்க் ஒரு பிகோகிராமுக்கும் கீழே இருக்கும், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் வருவதில் ஒரு பங்குக்கும் கீழே. அங்கே நுழையும் முறையே வேறு. வெளிச் செருப்பைக் கழற்றி உள்ளுக்கென்று வைத்திருப்பதை மாட்டிக்கொண்டு, தலைமுதல் கால்வரை மூடும் அங்கியைப் போட வேண்டும். வளையல், மோதிரம், பவுடர் எதுவும் ஆகாது. நெற்றியில் குங்குமமும் ஆகாது. சிலவகைக் குங்குமத்தில் ஈய ஆக்சைடையே கலந்துவிடுகிறார்கள். அறைக்குள் உலோகப் பொருள்களே இருக்காது. எல்லாம் பிளாஸ்டிக், டெஃப்லான். வடிகட்டிய காற்று உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், கதவைத் திறந்தாலும் தூசி உள்ளே வராதபடிக்கு.

பாத்திரம் கழுவுவதே அங்கே நாட்கணக்கில் நடக்கும் வேலை. நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி, தூய நீரில் அலசி, மறுபடியும் முதலிலிருந்து. அமிலத்தையும் கொதிக்கவிடாமல் மெல்ல ஆவியாக்கி, தாங்களே வடித்துக்கொள்வார்கள். பிறகு கல்லைக் கரைப்பது. சிலிக்கேட் பாறையைக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டும். மற்ற அமிலங்களைப்போல் இது உடனே சுட்டுத் தெரிவிக்காது. தோலுக்குள் இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதயமே நின்றுபோகலாம். ஆகவே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் இந்த அமிலத்தைத் தொடாதீர்கள். எவ்வளவு பெரிய பேராசிரியர் சொன்னாலும் தொடாதீர்கள்.

கரைத்த பிறகு தனிமங்களைப் பிரிக்க வேண்டும். இந்தப் படி ஏன் தவிர்க்க முடியாதது என்பதை ஓர் உதாரணத்தில் சொல்லிவிடலாம். ருபிடியம்-87 மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதை வைத்துத்தான் பாறைக்கு வயது சொல்கிறோம். ஆனால் இரண்டுக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்றே. கருவிக்கு எடை மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. ருபிடியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதையும் ஸ்ட்ரான்சியம் என்றே எண்ணிவிடும். அதனால் ரெசின் நிரப்பிய மெல்லிய குழாய் வழியாகக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, ஒன்றை முதலில் வெளியேற்றி மற்றதைப் பிறகு பிடிக்கிறார்கள். நல்லெண்ணெய் வடிவதற்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

கடைசியில்தான் கருவி. வெப்ப அயனியாக்க வகையில் ரீனியம் இழை ஒன்றின் மேல் ஒரு துளியை உலரவைத்து, வெற்றிடத்துக்குள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். அயனிகள் பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் பாய்ந்து, காந்தத்துக்குள் வளைந்து, எடைக்கேற்பப் பிரிந்து கிண்ணங்களில் விழும். மற்றொரு வகையில் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் கரைசலைத் தெளிப்பார்கள். லேசரால் சிர்க்கானைச் சுட்டு ஒரு நிமிடத்துக்குள் வயது பார்ப்பதும் உண்டு. துல்லியம் குறைவு, எண்ணிக்கை அதிகம். உலகின் ஆய்வகங்கள் எல்லாம் என்பிஎஸ் 987 என்ற ஒரே ஸ்ட்ரான்சியம் மாதிரியை அளந்து, 0.71025 என்ற விகிதம் வருகிறதா என்று தங்களைச் சரிபார்த்துக்கொள்கின்றன. சண்டையெல்லாம் ஐந்தாவது ஆறாவது தசமத்தில்தான் நடக்கும்.

அந்தத் தசமங்களுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு 1972-ல் பிரான்சின் பியர்லாத் நகரில் உள்ள யுரேனியத் தொழிற்சாலையில் நடந்தது சாட்சி. யுரேனியத்தில் 0.7202 சதவீதம் இருக்க வேண்டிய யுரேனியம்-235, ஒரு மாதிரியில் 0.7171 ஆக இருந்தது. யாரோ ஒருவர் அந்த வித்தியாசத்தை ஒதுக்கித் தள்ளாமல் மேலே அறிவித்தார். தாது வந்த இடமான காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இயற்கையாகவே அணு உலை எரிந்திருக்கிறது என்று தெரியவந்தது. தொழிற்சாலையில் அன்றாட அளவீடு செய்பவரின் மேசையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு அது.

இனி வேலைக்கு வருவோம். ‘புவியியல் படித்தவருக்கு எண்ணெய்க் கம்பெனி, இல்லாவிட்டால் வாத்தியார் வேலை’ என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. ஐசோடோப்பு தெரிந்தவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அளக்கும் கை எந்தப் பொருளையும் அளக்கும்.

தேனை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பூக்களின் கார்பனில் கார்பன்-13 குறைவு. கரும்பும் மக்காச்சோளமும் வேறு வழியில் ஒளிச்சேர்க்கை செய்வதால் அவற்றில் கூடுதல். தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருந்தால் கார்பன் விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். தடகள வீரரின் சிறுநீரில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் உடம்பு சுரந்ததா, சோயாவிலிருந்து தயாரித்து ஏற்றியதா என்பதையும் கிட்டத்தட்ட இதே முறையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். உணவுப் பரிசோதனை ஆய்வகங்களும் ஊக்கமருந்து ஆய்வகங்களும் ஆள் தேடுவது இதனால்தான்.

எண்ணெய்த் துறையில், கிணற்றில் வரும் மீத்தேன் சதுப்பு நில நுண்ணுயிர் உண்டாக்கியதா, ஆழத்தில் வெந்து உருவானதா என்பதைக் கார்பனே சொல்லும். டேராடூனில் ஓஎன்ஜிசியின் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செய்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் கிணற்று நீர் உப்பாவது கடல் நீர் உள்ளே ஏறியதாலா, நீர் ஆவியாகி உப்பு தங்கியதாலா என்ற கேள்விக்கு ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் விடை தரும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நீரியலுக்கென்றே ஐசோடோப்புப் பிரிவு இருக்கிறது. கல்பாக்கத்தில், அணு எரிபொருள் எவ்வளவு எரிந்திருக்கிறது என்பதை நியோடிமியத்தை அளந்து கணக்கிடுகிறார்கள். வியன்னாவுக்குப் பக்கத்தில் சைபர்ஸ்டார்ஃபில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வகம் உள்ளது. உலகின் அணு நிலையங்களில் துணியால் துடைத்தெடுத்த தூசி அங்கே வருகிறது. ஒரே ஒரு யுரேனியத் துகளை அளந்து, அறிவித்ததைவிட அதிகமாக யாராவது செறிவூட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள்.

கருவி செய்பவர்களிடமும் வேலை இருக்கிறது. ஜெர்மனியின் பிரெமனில் தெர்மோ ஃபிஷர், வேல்ஸின் ரெக்ஸமில் நூ இன்ஸ்ட்ருமென்ட்ஸ். இப்படிப்பட்ட இடங்களில் முனைவர் பட்டம் பெற்ற புவிவேதியியலாளர்கள் கருவியை நிறுவிக் கொடுக்கவும் வாங்கியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஊர் ஊராகப் போகிறார்கள். நம் மாணவர்கள் இந்த வழியை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆராய்ச்சியே வேண்டும் என்பவர்களுக்கு, அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் (பிஆர்எல்) இந்தியாவில் இந்தத் துறையின் தாய்வீடு. காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் அணுக்களைப் பற்றிய ஆய்வில் உலகப் பெயர் பெற்ற தேவேந்திர லால் அதன் இயக்குநராக இருந்தவர். ஏரிப் படிவுகளின் வயதை ஈயம்-210 கொண்டு அளக்கும் முறையை 1971-ல் எஸ். கிருஷ்ணசுவாமி, லால் உள்ளிட்டோர் எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் ஏரி ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் (என்ஜிஆர்ஐ), கோவாவின் கடலாய்வு நிறுவனம், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் மையம், பெங்களூரு ஐஐஎஸ்சி, சில ஐஐடிகள் ஆகிய இடங்களிலும் கருவிகள் உண்டு. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையத்திலும் பிஆர்எல்லிலும் கார்பன்-14 எண்ணும் முடுக்கிகள் வந்துவிட்டன. கரித்துண்டு இனி மயாமிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

உள்ளே போகும் வழி தேர்வுகளால் ஆனது. நெட் அல்லது கேட் எழுதி ஆராய்ச்சி மாணவராகலாம். 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அழைத்துப் போகும். அங்கே அடிப்படைச் சம்பளம் 56,100-ல் தொடங்குகிறது. அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி இன்னொரு வாசல். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலோ சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ புவியியல் படிக்கும் ஒருவருக்கு இவை எல்லாமே எட்டும் தூரத்தில்தான்.

கசப்பான பகுதியையும் சொல்லியாக வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பிறகு போஸ்ட்டாக் என்ற பெயரில் இரண்டு வருடம் ஒரு நாடு, மூன்று வருடம் வேறொரு நாடு என்று அலைவது வழக்கமாகிவிட்டது. திருமணம், குழந்தை, ஊரில் முதுமையில் இருக்கும் பெற்றோர் என எல்லாம் அந்த ஆண்டுகளில்தான் வந்து நிற்கும். பெண்களை இது கூடுதலாக அழுத்துகிறது. நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் தேடுவோரைவிட மிகக் குறைவு. இன்னொன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. பல கோடி ரூபாய்க்குக் கருவி வாங்குகிறோம், அதை இயக்கத் தெரிந்தவருக்கு நிரந்தரப் பணியிடம் உண்டாக்கத் தயங்குகிறோம். திட்டம் முடிந்து அவர் கிளம்பினால் கருவி மௌனமாகிவிடுகிறது. ஆய்வகத் தொழில்நுட்பர் என்ற பதவிக்கு ஐரோப்பாவில் உள்ள மதிப்பு இங்கேயும் வர வேண்டும்.

ஆகவே இளையவர்களுக்கு நான் சொல்வது, கருவியைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். வெற்றிடப் பம்ப்பில் கசிவு எங்கே என்று ஹீலியம் வாயு விட்டுத் தேடத் தெரிந்தவரை எந்த ஆய்வகமும் விடாது. அளவீட்டுப் பிழையைக் கணக்கிடும் புள்ளியியலையும் கொஞ்சம் பைத்தானையும் படித்துவையுங்கள். ஆண்டுதோறும் நடக்கும் கோல்ட்ஷ்மிட் மாநாட்டில்தான் இந்தத் துறையின் பாதி வேலைவாய்ப்புப் பேச்சு நடக்கிறது. மாணவர்களுக்குப் பயண உதவித்தொகை தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். பேராசிரியருக்கு எழுதும்போது ‘தங்கள் மேலான ஆய்வில் சேர விரும்புகிறேன்’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உள்ள ஓர் அட்டவணையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு எழுதினால் பதில் வரும்.

சேர அழைப்பு வந்த பிறகு நீங்களும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கடந்த சில ஆண்டுகளின் பிளாங்க் அளவுகளையும் தர மாதிரியின் எண்களையும் குறித்து வைத்திருக்கும் நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்ல ஆய்வகம் தயங்காமல் காட்டும். அதில் எண்களை மட்டும் பார்க்காதீர்கள், யார் எழுதியது என்றும் பாருங்கள். வருடத்துக்கொரு கையெழுத்து மாறியிருந்தால் ஏன் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். ஒரே தொழில்நுட்பரின் கையெழுத்து பத்துப் பதினைந்து வருடமாகத் தொடர்ந்திருந்தால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அங்கே சேர்ந்துவிடுங்கள்.